இலையுதிர்காலத்து நெடுந்தூரச் சைக்கிள் சவாரி: யாரோடு போவது?

நெடுந்தூரச் சவாரிக்குப் பெயர் கொடுக்கும் முன் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "சராசரி வேகம் என்ன?" நானும் வருஷக்கணக்கில் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். கோடையில் அந்தக் கேள்வி போதும். இலையுதிர்காலம் என்றால் அதற்கு முன்னால் வேறொன்றைக் கேட்கவேண்டும்: இந்தக் குழு எங்கே நிற்கும், யாருக்காக நிற்கும், எவ்வளவு நேரம் நிற்கும்?

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு பஞ்சர், அதுவும் என் பஞ்சர் இல்லை. அக்டோபர் மாதம். பதினெட்டுப் பேர், 140 கிலோமீட்டர் தாண்டியிருந்தோம். மழை விட்டு அரை மணி நேரம் ஆகியிருந்தது, பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நடுவில் வந்த ஒருவருக்குப் பின்சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டது. யாருக்கு என்ன ஆனாலும் எல்லோரும் நிற்பது என்பது அந்தக் குழுவின் விதி. நின்றோம். டயர் புதியது, ரிம்மை விட்டுக் கழன்று வரவே மாட்டேன் என்றது. அவருக்கு விரல்கள் மரத்துப்போயிருந்தன. டயர் லீவரை இரண்டு முறை கீழே போட்டார். ஒருவழியாகப் புது ட்யூபை மாட்டிக் காற்றடித்தால், மறுபடியும் புஸ். டயரின் உள்பக்கம் குத்திக்கொண்டிருந்த முள்ளை யாரும் விரலால் தடவிப் பார்க்கவில்லை. எல்லாம் முடிய 35 நிமிடம். பஞ்சர் ஆனவர் கைவேலையாக இருந்ததால் தப்பித்தார். சும்மா நின்ற எங்களுக்குத்தான் பற்கள் தந்தியடிக்க ஆரம்பித்தன. மறுபடி ஏறி உட்கார்ந்தபோது பிரேக்கை அழுத்த எனக்கு விரல் மடங்கவில்லை. அன்று நான் சவாரியை முடிக்கவில்லை, பக்கத்து ரயில் நிலையத்தைத் தேடிப் போனேன்.

இதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு எளிது. மிதித்துக்கொண்டிருக்கும் உடம்பு எரிகிற அடுப்பு மாதிரி. நாம் செலவழிக்கும் சக்தியில் கால்பங்கோ அதற்கும் குறைவோதான் மிதிகட்டைக்குப் போய்ச் சேர்கிறது, மற்றதெல்லாம் வெப்பம். மிதியில் 120 வாட் கொடுத்து நிதானமாகப் போகிற ஒருவர் உடம்பில் சுமார் 400 வாட் வெப்பம் உண்டாகிறது. நின்று சில நிமிடங்களில் அது 100 வாட் பக்கம் இறங்கிவிடும். அடுப்பு அணைந்தாயிற்று, உள்ளே போட்டிருக்கும் துணியோ வியர்வையிலும் மழையிலும் ஊறியிருக்கிறது. தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு அதிகமாக வெப்பத்தைக் கடத்தும். மிதிக்கும்போது சுகமாக இருந்த அதே 10 டிகிரி, பத்து நிமிடம் நின்றால் எலும்பு வரை போகும்.

ஆகவே, குழுவாகப் போவதில் இருக்கிற வழிகளை இங்கே ஒப்பிடும்போது வேகத்தைவிட, நிற்பதை எந்த வழி எப்படிச் சமாளிக்கிறது என்பதைத்தான் அதிகம் பார்க்கிறேன். உங்களுக்கு வேறு அளவுகோல் இருக்கலாம், இருக்கட்டும்.

கேப்டன் இழுத்துப்போகும் ஒரே கூட்டம்

இதுதான் இருப்பதிலேயே பழைய முறை. 1897 ஜூன் மாதம் இத்தாலியச் சைக்கிள்காரர்கள் சிலர் ரோமிலிருந்து நேப்பிள்ஸ் வரை சுமார் 230 கிலோமீட்டரை, சூரியன் உதித்து மறைவதற்குள் ஓட்டி முடித்தார்கள். அவர்களைத் துணிச்சல்காரர்கள் என்று புகழ்ந்ததில் 'ஆடாக்ஸ்' என்ற லத்தீன் சொல் ஒட்டிக்கொண்டது. டூர் டி பிரான்ஸ் போட்டியைத் தொடங்கிய ஆன்ரி டெக்ராஞ்ஜ் 1904-ல் இந்த முறையைப் பிரான்ஸுக்குக் கொண்டுபோனார். பந்தயம் கிடையாது. சாலைக் கேப்டன்கள் முன்னால் போவார்கள், யாரும் அவர்களைத் தாண்டக்கூடாது, எல்லோரும் சேர்ந்தே போய்ச் சேரவேண்டும். இன்றைக்கும் அந்த மரபில் வரும் சவாரிகளில் ஓடும் வேகம் மணிக்கு 22.5 கிலோமீட்டர். எங்கே, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் நிற்பது என்று முன்பே எழுதிவைத்துவிடுவார்கள். பெரும்பாலான கிளப்புகளின் வார இறுதிச் சவாரியும் ஏறக்குறைய இதே அச்சுதான், கட்டுப்பாடு கொஞ்சம் தளர்ந்திருக்கும், அவ்வளவே.

முதல் முறை போகிறவருக்கு இது பெரிய ஆறுதல். வழி பார்க்கவேண்டாம், நேரம் பார்க்கவேண்டாம், முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு மிதித்தால் போதும். எதிர்க்காற்று அடிக்கிற நாளில் கூட்டத்தின் நடுவே ஒண்டிக்கொண்டு போகும் சுகத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். நின்று சாப்பிடும் இடம் பெரும்பாலும் கூரையுள்ளதாக, முன்கூட்டியே சொல்லிவைத்ததாக இருக்கும். நனைந்து வருகிறவருக்கு அது சின்ன விஷயமில்லை.

ஆனால் காற்று மறைவு என்று எல்லோரும் சொல்லும் லாபத்தைக் கொஞ்சம் உரசிப் பார்க்கவேண்டும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவது. மணிக்கு 35 கிலோமீட்டரில் ஒருவர் பின்னால் ஒண்டினால் மிச்சமாவது கணிசம். 22-ல் அவ்வளவு இல்லை. (எதிர்க்காற்று இருந்தால் கதை வேறு. 20-ல் போய்க்கொண்டு 15-ல் அடிக்கிற காற்றைச் சந்தித்தால், உடம்பைப் பொறுத்தவரை அது 35 தான்.) இன்னொன்று, அந்த லாபம் முழுசாகக் கிடைக்க முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்கு மிக அருகில் ஒட்டிக்கொண்டு போகவேண்டும். ஈரச் சாலையில், இலைக் குவியலின் மேல், அப்படி ஒட்டிப் போவது அறிவுள்ள காரியமில்லை. இரண்டு சைக்கிள் நீளம் இடைவெளி விட்டால் பத்திரம், ஆனால் லாபத்தில் நல்ல பங்கு அங்கேயே கரைந்துவிடும்.

பிரேக் விஷயம் இன்னும் நுணுக்கமானது. ரிம்மைக் கவ்வும் பிரேக், மழையில் முதல் சில சுற்றுக்குத் தண்ணீரை வழித்துவிட்டுத்தான் பிடிக்கவே தொடங்கும். டிஸ்க் பிரேக்குக்கு அந்தத் தாமதம் மிகக் குறைவு. டிஸ்க் வைத்திருப்பவர் முன்னால் சட்டென்று நிறுத்த, ரிம் பிரேக்காரர் பின்னால் வந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. பதினெட்டுப் பேர் குழுவில் இந்த ஜோடி எங்காவது அமைந்தே தீரும். மழையில் போனால் பழைய வகைப் பிரேக்காரர்கள் வரிசையில் எங்கே இருப்பார்கள் என்பதைப் பற்றி யோசித்திருக்கிற கேப்டன் நல்ல கேப்டன்.

நிற்கும் கணக்குக்கு வருவோம். ஒருவருக்குப் பத்துச் சவாரிக்கு ஒரு பஞ்சர் என்று பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தனியாகப் போனால் பத்தில் ஒன்பது நாள் நிம்மதி. பதினெட்டுப் பேர் போனால், சவாரிக்கு ஏறக்குறைய இரண்டு பஞ்சர், எல்லோரும் இரண்டு தடவை நிற்கவேண்டும். சாலையோர முள்வேலிகளை வெட்டிக் கழிக்கிற பருவமும் பல இடங்களில் இதுவே என்பதால் முள்ளுக்குப் பஞ்சமிருக்காது. கூட்டம் பெருகப் பெருகச் சங்கிலி கழல்கிறது, விளக்கு அணைகிறது, ஒருவருக்கு ஒதுங்கவேண்டியிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் மொத்தக் கூட்டமும் குளிரில் நிற்கும்.

ஆகவே கேப்டன் குழு என்றால் நான் இப்போது மூன்று விஷயம் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். எத்தனை பேர்? பன்னிரண்டுக்கு மேல் போனால் இரண்டாகப் பிரிப்பார்களா? பஞ்சர் ஆனால் எல்லோரும் நிற்பார்களா, அல்லது இரண்டு பேர் உதவிக்கு நிற்க மற்றவர்கள் அடுத்த கூரைக்குப் போய்க் காத்திருப்பார்களா? கடைசியாக வருகிறவரோடு யார் வருவார்? இந்த மூன்றாவது கேள்விக்கு "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தால் நான் பெயர் கொடுப்பதில்லை.

சேர்ந்து புறப்பட்டு அவரவர் வேகத்தில்

1921-ல் டெக்ராஞ்ஜுக்கும் 'ஆடாக்ஸ் கிளப் பாரிஸியன்' சங்கத்துக்கும் பிணக்கு வந்தது. கேப்டன் முறையில் சவாரி நடத்தும் உரிமை கைவிட்டுப் போனதால், அந்தச் சங்கம் அவரவர் வேகத்தில் போகிற சவாரியைத் தொடங்கியது. உலகம் முழுக்க இன்று 'பிரெவே' என்று நடப்பது அதன் வழிவந்ததுதான். 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம், 300-க்கு 20, 400-க்கு 27, 600-க்கு 40 என்று உச்சவரம்பு. இடையில் கன்ட்ரோல் என்னும் நிலைகளில் உரிய நேரத்துக்குள் போய் அட்டையில் முத்திரை வாங்கவேண்டும். முதலில் வந்தவர், கடைசியில் வந்தவர் என்ற பேதம் கிடையாது. உதவி வண்டி பின்னால் வராது. இருட்டில் முன்விளக்கு, பின்விளக்கு, ஒளியைத் திருப்பியடிக்கும் மேலங்கி கட்டாயம்.

இந்தச் சவாரிகளுக்கு வருஷம் நவம்பர் 1-ல் தொடங்கி அக்டோபர் 31-ல் முடிகிறது. ஒரே வருஷத்தில் 200, 300, 400, 600 நான்கையும் முடித்தால் 'சூப்பர் ரேண்டனூர்' என்ற பட்டம். அதனால் வடக்கே குளிர் வரும் நாடுகளில், செப்டம்பர், அக்டோபர் பிரெவேயில் ஒரு தனிரகக் கூட்டத்தைப் பார்க்கலாம். ஆகஸ்டிலேயே எல்லாம் முடித்துவிட்டுச் சும்மா காற்று வாங்க வந்தவர்கள் ஒரு பக்கம், ஒன்று பாக்கி வைத்துக்கொண்டு முகம் இறுகி நிற்பவர்கள் இன்னொரு பக்கம். முதல் வகையினரோடு ஒட்டிக்கொள்வது நல்லது.

நிற்பதைப் பொறுத்தவரை இந்த முறைக்கு நான் அதிக மதிப்பெண் தருவேன். யாருக்காகவும் நீங்கள் நிற்கவேண்டியதில்லை. குளிர்கிறதா, மிதித்துக்கொண்டே இருக்கலாம். களைத்தால் உள்ளே உட்காரக்கூடிய இடமாகப் பார்த்து நிற்கலாம். கன்ட்ரோல்கள் பெரும்பாலும் கூரையுள்ள இடங்களில்தான் இருக்கும்.

அதே காரியம் திரும்பியும் அடிக்கும்: உங்களுக்காகவும் யாரும் நிற்கவேண்டியதில்லை. காலையில் அறுபது பேர் ஒன்றாகக் கிளம்பும்போது குழுச் சவாரி மாதிரிதான் தோன்றும். கூட்டத்தோடு கோவிந்தா போட்டுக்கொண்டு முதல் நாற்பது கிலோமீட்டர் பறந்துவிடும். எண்பதாவது கிலோமீட்டரில் கால் கனக்கும், கூட்டம் உதிரும். இருட்டுகிற நேரத்துக்கு உங்கள் விளக்கு வட்டத்துக்குள் நீங்கள் மட்டும் இருப்பீர்கள்.

இருட்டுகிற நேரம் என்பதை இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும். பிரெவேயின் பதின்மூன்றரை மணி நேரம் ஜூனில் பகலுக்குள் அடங்கிவிடும். செப்டம்பர் 22, 23 வாக்கில் பகல் எங்கேயும் பன்னிரண்டு மணி நேரத்துக்குச் சற்றே அதிகம். அதற்கப்புறம் 50 டிகிரி அட்சரேகைப் பக்கம் நாளுக்கு ஏறத்தாழ 4 நிமிடம் தேயும். அக்டோபர் முடிவதற்குள் பகல் பத்து மணி நேரத்துக்கும் கீழே போய்விடும். மூன்று வாரம் தள்ளி வருகிற சவாரியைத் தேர்ந்தெடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளிச்சத்தைக் கொடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். ஐரோப்பாவில் அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தையும் ஒரு மணி பின்னுக்குத் தள்ளுவார்கள். முந்தின வாரம் ஆறு மணிக்கு இருட்டிய சாலையில் அன்று ஐந்து மணிக்கே இருட்டும். ரோமிலிருந்து நேப்பிள்ஸ் போனவர்கள் ஜூனைத் தேர்ந்தெடுத்தது சும்மா இல்லை. (தெற்கு அரைக்கோளத்துக்காரர்கள் இதையெல்லாம் மார்ச், ஏப்ரல், மே என்று மாற்றிப் படித்துக்கொள்ளவும்.)

இன்னொரு கணக்கு. ஓடும் வேகம் 20 என்றால் 200 கிலோமீட்டருக்குப் பத்து மணி நேரம். நிற்பதற்கு மூன்றரை மணி கையிருப்பு. நிறைய இருப்பதுபோலத் தோன்றும். ஐந்து கன்ட்ரோலில் தலைக்கு இருபத்தைந்து நிமிடம் என்றாலே இரண்டு மணிக்கு மேல் போயிற்று. கோடையில் அது ஓய்வு, இப்போது அது குளிர்ச்சேமிப்பு. அதனால் பழகியவர்கள் கன்ட்ரோலுக்குள் நுழையும் முன்பே என்னென்ன செய்யவேண்டும் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே வருவார்கள்: முத்திரை, தண்ணீர், சாப்பாடு, கையுறை மாற்று, கிளம்பு.

விளக்குப் பற்றி ஒரு வார்த்தை. குளிரில் லித்தியம் பேட்டரியின் தாக்குப்பிடிக்கும் நேரம் குறைந்துவிடும், அட்டையில் அச்சடித்த மணிக்கணக்கை நம்பவேண்டாம். முன்சக்கர அச்சிலேயே டைனமோ வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. வெறும் 3 வாட்தான் தரும், ஆனால் சக்கரம் சுற்றுகிறவரை தரும். பின்விளக்கை மினுக்கவிடாமல் நிலையாக எரியவிடுங்கள். இரவில் உங்கள் பின்னால் இரண்டு மணி நேரம் வருகிறவருக்கு அந்த மினுக்கல் சித்திரவதை.

நாலைந்து பேராகச் சேர்ந்துகொண்டு

எனக்குப் பிடித்தது இது, அதனால் இங்கே நான் நடுநிலையாக இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

'ஃப்ளெஷ் வெலோசியோ' என்று பிரான்ஸில் 1947 முதல் நடக்கும் ஒரு சவாரி உண்டு. ஈஸ்டர் விடுமுறையில் நடப்பது, ஆகவே அது வசந்தகாலச் சமாசாரம். ஆனால் அதன் விதிகளை நான் இலையுதிர்காலத்துக்கும் கடன்வாங்குகிறேன். அணிக்கு மூன்றிலிருந்து ஐந்து சைக்கிள் வரை. 24 மணி நேரம். குறைந்தது 360 கிலோமீட்டர். ஒரே இடத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கக்கூடாது. குறைந்தது மூன்று பேராவது சேர்ந்து முடிக்கவேண்டும்.

இந்த மூன்று முதல் ஐந்து என்கிற எண்ணிக்கையில் சூட்சுமம் இருக்கிறது. நான்கு பேர் மாற்றி மாற்றி முன்னால் போனால் ஆளுக்குக் கால்வாசி நேரம்தான் காற்றை வாங்கவேண்டும். நான்கு பேர் முகத்தையும் ஒரு பார்வையில் பார்த்துவிடலாம். யார் பேச்சைக் குறைத்துவிட்டார், யார் மேட்டில் வாயால் மூச்சுவிடுகிறார், யார் அரை மணியாக எதுவும் தின்னவில்லை என்பது தெரிந்துவிடும். குளிரில் தள்ளாட ஆரம்பித்தவர் அதைத் தானாகக் கண்டுபிடிக்கமாட்டார், பக்கத்தில் இருப்பவர்தான் கண்டுபிடிக்கவேண்டும். பதினெட்டுப் பேர் கூட்டத்தில் அந்தப் பக்கத்து ஆள் நிமிடத்துக்கு நிமிடம் மாறிக்கொண்டிருப்பார். பிரெவேயில் அவர் இருக்கவே மாட்டார்.

குறை இல்லாமல் இல்லை. தெரிந்தவர்கள் என்பதாலேயே யாரும் உண்மையைச் சொல்வதில்லை. குழுச் சவாரியில் மிக ஆபத்தான வாக்கியம் எது என்று கேட்டால் நான் இதைச் சொல்வேன்: "நீங்க போங்க, நான் மெதுவா வந்துடறேன்." இதைச் சொல்கிறவர் பெரும்பாலும் வந்து சேரமாட்டார். கேட்கிறவர்களும் அரைமனதோடு போய், அடுத்த மேட்டில் நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டு, ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று தவிப்பார்கள். எல்லோருக்கும் குளிர் ஏறும்.

எங்கள் நால்வருக்குள் இப்போது ஒரு ஒப்பந்தம் இருக்கிறது. கிளம்புவதற்கு முந்தின இரவே பேசிக்கொண்டது. வண்டி நின்றால் டயரைப் பார்க்கும் முன் எல்லோரும் ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்ளவேண்டும். ஜாக்கெட் பையின் அடியில் இல்லாமல் மேலே இருக்கவேண்டும். ஒருவர் டயரைக் கழற்ற, ஒருவர் விளக்குப் பிடிக்க, மற்ற இருவர் சும்மா நிற்காமல் சாலையோரத்தில் மேலும் கீழும் நடக்கவேண்டும். புது ட்யூப் போடும் முன் டயரின் உள்பக்கத்தை முழுச்சுற்றும் விரலால் தடவவேண்டும். விரல் மரத்திருந்தால் தடவினாலும் முள் தெரியாது என்பதால், கை சூடாக இருக்கிறவர்தான் அதைச் செய்யவேண்டும். பதினைந்து நிமிடம் தாண்டினால் இருவர் அடுத்த கூரை வரை போய்க் காத்திருக்கவேண்டும், தனியாக யாரும் நகரக்கூடாது. அப்புறம் அந்த "மெதுவா வந்துடறேன்" வாக்கியத்தைச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. சொன்னால், நால்வரும் அவர் வேகத்துக்கு இறங்கவேண்டும்.

இது கறாராகத் தெரியலாம். ஆனால் குளிரில் நின்றுகொண்டு விதி உருவாக்க முடியாது.

ஆரம்பத்தில் சொன்ன சராசரி வேகமும் இங்கேதான் உண்மையிலேயே முக்கியமாகிறது. நால்வரில் ஒருவர் மணிக்கு 27, இன்னொருவர் 21 என்றால் அந்த அணி வேண்டாம். வேகமானவர் மேட்டின் உச்சியில் காத்திருந்து குளிர்வார், மெதுவானவர் வியர்த்து வந்து சேரும்போது எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். ஓய்வு தேவைப்பட்டவருக்கு அது கிடைக்கவே கிடைக்காது. இரண்டு மூன்று கிலோமீட்டர் வித்தியாசம் வரை பேச்சுக் கொடுத்தே சரிக்கட்டலாம்.

பின்னால் வேன் வருகிற சுற்றுலாச் சவாரி என்று ஒன்றும் இருக்கிறது. மூட்டையை வண்டி சுமக்கும், நாளுக்கு எழுபது எண்பது கிலோமீட்டர், இரவு படுக்கை. குளிர்ந்தால் வேனில் ஏறிக்கொள்ளலாம். இலைகளின் நிறம் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் இதைவிட நல்ல வழி இல்லை, வெட்கப்படவேண்டியதும் இல்லை. தூரத்தை ஒரே மூச்சில் கடக்கவேண்டும் என்ற அரிப்பு இருப்பவர்களுக்கு இது அரிப்பைத் தீர்க்காது.

எந்த வழியானாலும் சாலை ஒன்றுதான்

மேலே சொன்ன எந்த முறையில் போனாலும் இந்தப் பருவத்தின் சாலை தன் குணத்தைக் காட்டும். ஈர இலை வழுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அது பள்ளத்தை மூடிவைக்கும் என்பதுதான் கூட்டத்துக்கு ஆபத்து. முன்னால் போகிறவர் கையை நீட்டிப் பள்ளத்தைக் காட்டுவது வழக்கம். இலைக்கு அடியில் இருப்பதை அவரே பார்த்திருக்கமாட்டார். முதல் நான்கு சக்கரமும் அதிர்ஷ்டவசமாகத் தப்பும், ஐந்தாவது விழும். ஆகவே இலைக் குவியல் கண்டால் வளைந்து விலகவும் வேண்டாம், பிரேக் பிடிக்கவும் வேண்டாம். முன்பே வேகத்தைக் குறைத்து நேராகப் போங்கள். சாலையில் அடித்த வெள்ளைக் கோடு, இரும்பு மூடி, தண்டவாளம் மூன்றுக்கும் ஈரத்தில் இதே மரியாதை.

தாழ்ந்த சூரியனைப் பலர் யோசிப்பதில்லை. மாலையில் மேற்கு நோக்கிப் போகும்போது வெயில் உங்கள் கண்ணில் அடிக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பின்னால் வருகிற கார்க்காரரின் கண்ணிலும் அதே வெயில்தான் அடிக்கிறது, அவருக்கு உங்களைத் தெரியவே தெரியாது. காலையில் கிழக்கு நோக்கிப் போனாலும் இதே நிலைதான். பாதையைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால், காலையில் மேற்கே போய் மாலையில் கிழக்கே திரும்புகிற சுற்றைத் தேர்ந்தெடுங்கள். பிரெவேயில் பாதை அமைப்பாளர் கையில் இருக்கிறது. நாலு பேர் சவாரியில் உங்கள் கையில். அந்த முறைக்கு இது எனக்கு இன்னொரு காரணம்.

மட்கார்டைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன் என்று நண்பர்கள் சொல்வார்கள். சுருக்கமாக: மட்கார்டு உங்களுக்காக இல்லை, பின்னால் வருகிறவருக்காக. பின்மட்கார்டின் நுனியில் தரையை எட்டுகிற மாதிரி ஒரு ரப்பர் மடல் இல்லையென்றால், உங்கள் சக்கரம் வாரியிறைக்கும் சேறு நேராகப் பின்னால் வருகிறவரின் வாய்க்குத்தான் போகும்.

சரி, எது யாருக்கு

இதுவரை நூறு கிலோமீட்டரே தாண்டாதவர் என்றால், இந்தப் பருவத்தில் 200-ஐத் தொடவேண்டாம். பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் போகாத கேப்டன் குழுவோடு 100 அல்லது 120 போங்கள். அந்த அளவு தூரத்தில் கேப்டன் முறையின் நல்லதெல்லாம் கிடைக்கும், கெட்டது கடிக்கிற நேரத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம்.

கோடையில் 200 முடித்திருக்கிறீர்கள், பஞ்சர் ஒட்டத் தெரியும், ஆனால் சேர்ந்து போக ஆளில்லை என்றால் பிரெவே. செப்டம்பர் முடிவதற்குள் வருகிறதாகப் பாருங்கள். புறப்படும் நேரத்தைக் கவனியுங்கள். ராத்திரியின் மிகக் குளிர்ந்த நேரம் விடியலை ஒட்டித்தான் வரும். அதனால் ஆறு மணிக்குப் புறப்பாடு என்பதும் எட்டு மணிக்குப் புறப்பாடு என்பதும் வேறு வேறு சவாரிகள். ஆறு என்றால் குளிரை முன்னால் வாங்குகிறீர்கள், எட்டு என்றால் இருட்டைப் பின்னால் வாங்குகிறீர்கள். நான் ஆறைத்தான் எடுப்பேன். காலையில் கால் புதிசு, குளிர் தணியப்போகிறது என்ற நம்பிக்கையும் உண்டு. மாலையில் இரண்டுமே இருக்காது.

ஆள் இருக்கிறார்கள் என்றால் இரண்டையும் கலந்துவிடுங்கள். பிரெவேக்குப் பெயர் கொடுத்து, அதற்குள்ளேயே மூன்று நான்கு பேர் ஒப்பந்தத்தோடு சேர்ந்து போங்கள். விதி அதைத் தடுக்கவில்லை. கன்ட்ரோலின் கூரையும் கிடைக்கும், உங்களைப் பார்த்துக்கொண்டே வருகிற முகங்களும் கிடைக்கும். கடந்த இரண்டு வருஷமாக நான் செய்வது இதுதான்.

வராமல் இருப்பதும் ஒரு தேர்வு, அதை வியாழக்கிழமையே தீர்மானியுங்கள். சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு, உடை மாட்டிக்கொண்டபின் எவராலும் நேர்மையாகத் தீர்மானிக்க முடியாது. வெறும் குளிர் என்றால் போவேன். வெறும் மழை என்றாலும் போவேன். மழையும் 8 டிகிரிக்குக் கீழ்ப்பட்ட குளிரும் சேர்ந்து நாள் முழுக்க என்றால் போகமாட்டேன். 5 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சரிவில் இறங்கினால் தோலுக்கு அது 0 டிகிரி மாதிரி. அது உலர்ந்த தோலுக்கான கணக்கு, நனைந்த கைக்கு அதைவிட மோசம்.

இந்த வருஷம் எங்கள் நாலு பேரும் செப்டம்பர் கடைசி வாரத்துச் சவாரிக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம். ஜாக்கெட் பையின் மேலே, டயர் தடவுகிற ஆள் யார் என்பது உட்பட எல்லாம் பேசி முடித்தாயிற்று. ஒருவர் மட்டும் இன்னும் மட்கார்டு மாட்டவில்லை. மழை பெய்தால் 200 கிலோமீட்டரும் அவருக்குக் கடைசி இடம்தான், காற்றை முன்னால் வாங்குகிற முறை வந்தாலும் கிடையாது என்று சொல்லிவைத்திருக்கிறோம். அதைக் கேட்டு அவர் சந்தோஷப்படுவதைப் பார்த்தால், வேண்டுமென்றே மாட்டாமல் இருக்கிறாரோ என்று சந்தேகமாக இருக்கிறது.